பருவம் அறிந்து பேணுதல்

நாற்றங்காலில் நிற்கும் இளநாற்றுக்கு வேண்டும் நீரின் அளவு வேறு. கதிர் முற்றி நிற்கும் பயிருக்கு வேண்டும் நீரின் அளவு வேறு. இவ்வேறுபாட்டை அறியாத உழவன் எத்துணை உழைப்பினும் விளைவு காணான். மக்களைப் பேணும் முறையும் அத்தகையதே. பிறந்து பத்து நாளே ஆன பச்சிளங்குழவி, தவழும் மகவு, தளர்நடையிடும் சிறு குழந்தை, பள்ளி செல்லும் சிறுவன், இளமை அரும்பும் பெண் ஆகிய அனைவரையும் 'பிள்ளைகள்' என்னும் ஒரே சொல்லால் வழங்குவது உலகியல்பு. ஆயினும், நோயுற்றுப் படுக்கையில் கிடக்கும்பொழுது இவர்களுக்கு வேண்டும் பணிவிடை ஒன்றன்று. நோய் ஒன்றேயாயினும், நோயாளியின் பருவம் மாறப் பேணும் முறையும் மாறுதல் வேண்டும். இதனை உணர்ந்து ஒழுகுவதே குழந்தைச் செவிலியர் தொழிலின் உயிர்நிலையாகும்.

குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பகுத்துக் காணும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் பிள்ளைமையைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுகிறது. கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டித் தலை நிமிர்ந்து அசைந்தாடும் ஐந்தாந்திங்கள் நிலையைச் செங்கீரை என்றனர். நிலைபெற அமர்ந்து கைகொட்டி மகிழும் நிலையைச் சப்பாணி என்றனர். அடிவைத்து நடந்துவரும் நிலையை வருகை என்றனர். கழுத்து நிற்பது எப்பொழுது, தானே அமர்வது எப்பொழுது, தனித்து நடப்பது எப்பொழுது என இக்கால மருத்துவர் குறித்துவைக்கும் வளர்ச்சிப் படிகளோடு இவை பெரும்பாலும் ஒத்திருத்தல் காணலாம். புலவர் இன்பம் கருதி நோக்கிய படிகளையே மருத்துவர் உயிர்காப்புக் கருதி நோக்குகின்றனர். மற்றும், பழந்தமிழ் நூல்களில் தலைவியை வளர்த்து ஆளாக்கிய வளர்ப்புத் தாய்க்குச் செவிலி என்பது பெயர். அப்பெயரே இன்று நோயாளரைப் பேணுவோர்க்கு வழங்குகின்றது. வளர்த்தலும் பேணலும் ஒரு தொழிலின் இரு கூறுகள் என்பதை இப்பெயர் நினைவூட்டுகின்றது.

பிணியுற்ற குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் எண்ணம் மேலைநாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1802-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் குழந்தைகளுக்குரிய மருத்துவமனை ஒன்று தோன்றியது. 1852-ஆம் ஆண்டில் சார்லசு வெசுட்டு என்னும் மருத்துவரின் முயற்சியால் இலண்டன் மாநகரில் கிரேட் ஆர்மண்டு தெருவில் 10 படுக்கைகளுடன் மற்றொன்று திறக்கப்பெற்றது. நோயுற்ற குழந்தைகளைப் பேணும் முறை பற்றி அவர் 1854-ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார். பெரியோரைப் பேணப் பயின்ற கை மட்டும் குழந்தையைப் பேணப் போதாது என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றிற்று.

குழந்தை என்பது சிறிய அளவில் அமைந்த பெரிய மனிதன் அன்று. அதன் உடலமைப்பே வேறு. பிறந்த குழவி ஒரு நிமிடத்தில் 30 முதல் 60 முறை மூச்சு விடும். வளர்ந்தவர் 12 முதல் 20 முறையே விடுவர். குழவியின் இதயம் நிமிடத்திற்கு 120 முதல் 160 முறை துடிக்கும். வளர்ந்தவர்க்கு 60 முதல் 100 வரை துடித்தல் இயல்பு. ஆகவே, எண்ணிக்கை ஒன்றைப் பார்த்த அளவில் நலம் என்றோ நோய் என்றோ துணிதல் கூடாது. எட்டுத் திங்கள் நிரம்பிய குழந்தையும் மூன்றாண்டு நிரம்பிய குழந்தையும் இருமலோடு வந்துள்ளனர் என்று கொள்வோம். இருவரும் நிமிடத்திற்கு 45 முறை மூச்சு விடுகின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி, 2 திங்கள் முதல் 12 திங்களுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50-உம், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40-உம் எட்டினால்தான் அது விரைமூச்சு எனப்படும். எனவே, முதற்குழந்தையின் மூச்சு அவ்வளவிற்கு உட்பட்டது. இரண்டாம் குழந்தைக்கோ அதே எண் நிமோனியாக் காய்ச்சலின் அறிகுறியாக இருத்தல் கூடும். பருவம் அறியாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அவ்வொரு பிழையால் ஓர் உயிரே போதலும் உண்டு.

நீரின் நிலையும் அத்தகையதே. பிறந்த குழவியின் உடலில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு நீராகும். வளர்ந்தவர் உடலில் அது ஏறத்தாழ 60 பங்கே. வயிற்றுப்போக்கால் வளர்ந்தவர் தளர்வதற்கு முன்பே குழந்தையின் உடல் வறண்டு விடும். ஆதலால், உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த நீர்க்கரைசலைக் கொடுப்பதிலும் பருவம் நோக்கப்படுகின்றது. இரண்டாண்டிற்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிறு போகும்பொழுதும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை சிறு கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டுவர். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர் வரை குவளையில் கொடுத்துச் சிறு மிடறுகளாகப் பருகச் செய்வர். குருதியின் அளவும் கருதத்தக்கது. 3 கிலோ எடையுள்ள குழவியின் உடலில் ஓடும் குருதி ஏறத்தாழ 240 மில்லிலிட்டரே. வளர்ந்தவர்க்குச் சிறிதெனத் தோன்றும் குருதியிழப்பு, குழவிக்குப் பேரிழப்பாகும். மருந்தையும் எடைக்கேற்பக் கணக்கிட்டே கொடுத்தல் வேண்டும். குழந்தையின் எடையோ பிறந்து ஐந்தாறு திங்களில் இருமடங்காகவும், ஓராண்டில் மும்மடங்காகவும் பெருகும். சென்ற திங்களில் எழுதிவைத்த அளவு இத்திங்களுக்குப் பொருந்தாமற் போகலாம். தடுப்பூசி இடும் இடத்திலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். வளர்ந்தவர்க்குத் தோளருகே மேற்கையில் ஊசியிடுவர்; கைக்குழந்தைக்கோ அங்குத் தசை போதாமையால் தொடையின் முன்புறத்துப் பக்கவாட்டில் இடுவர்.

உடல் பற்றிய செய்தி இவ்வளவில் நிற்க, பருவந்தோறும் குழந்தையின் உள்ளம் எவ்வாறு இயங்குகின்றது என்பதும், அதற்கேற்பச் செவிலியர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதும் அறியத்தக்கன.

முதற்கண் பச்சிளங்குழவி. குளிரால் நடுங்கி வெப்பம் உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் இதற்குப் போதிய அளவு இல்லை. எனவே, இதனை வெதுவெதுப்பாக வைத்திருத்தல் முதற்கடமையாகும். குறைந்த எடையோடு பிறந்த குழவிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பது வழக்கம். 1978-ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் அத்தகைய பெட்டிகள் போதாமையால், எட்கர் ரே என்னும் மருத்துவர் வேறொரு வழி கண்டார். குழவியைத் தாயின் வெற்று மார்போடு மார்பாகச் சேர்த்துக் கட்டிவைக்கச் செய்தார். தாயின் உடல் வெப்பமே குழவியைக் காத்தது. தாய்ப்பாலும் தடையின்றிக் கிடைத்தது. கங்காரு முறை எனப்படும் இது, இன்று தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் கைக்கொள்ளப்படுகின்றது.

பச்சிளங்குழவி வலியை உணராது என்று மருத்துவருள் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அதனால் போதிய வலிநீக்கும் மருந்தின்றியே குழவிகளுக்கு அறுவை மருத்துவம் செய்யப்பட்டதும் உண்டு. இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்சுபோர்டு சென்ற கன்வல்சீத் ஆனந்து என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வெண்ணத்தை அசைத்தது. வலிநீக்கும் மருந்து பெற்ற குழவிகளைக் காட்டிலும் பெறாத குழவிகளின் உடல் பெரிதும் அல்லலுற்றமையை அவர்கள் மெய்ப்பித்தனர். 'எனக்கு வலிக்கிறது' என்று சொல்ல வாயில்லாமை, வலியில்லாமை ஆகாது. இன்று செவிலியர், குழவியின் முகச்சுளிப்பு, கால்களின் உதைப்பு, அழுகையின் இயல்பு, தேற்றினால் தேறும் தன்மை ஆகியவற்றை நோக்கி வலியை அளந்தறிகின்றனர். ஊசியிடும்பொழுது தாய்ப்பால் அருந்தச் செய்தால் வலி தணிகின்றது என்பதையும் அறிந்துள்ளனர்.

அடுத்துக் கைக்குழந்தைப் பருவம். நான்கைந்து திங்கட் குழந்தை யார் எடுத்தாலும் சிரிக்கும். எட்டாந்திங்கள் அளவில் அதே குழந்தை புதியவரைக் கண்டதும் வீறிட்டு அழும். 'நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளைக்கு என்ன வந்தது?' என்று பெற்றோர் வருந்துவதுண்டு. இது நோயன்று, தாயையும் பிறரையும் வேறுபிரித்து அறியும் அறிவு முதிர்ந்தமைக்கு அடையாளமாகும். இதனை உணர்ந்த செவிலி, குழந்தையைத் தாயின் மடியிலிருந்து பறித்தெடுக்கமாட்டார். சற்றே விலகி நின்று, தாயோடு மென்மொழி பேசித் தம்மைப் பழக்கப்படுத்திக்கொள்வார். சோதிக்கும் வரிசையையும் மாற்றிக்கொள்வார். வளர்ந்தவரைத் தலை தொடங்கிக் கால்வரை முறையாகச் சோதிப்பர். கைக்குழந்தையிடத்திலோ, அது அமைதியாக இருக்கும்பொழுதே மூச்சையும் இதயத்துடிப்பையும் முதலில் கேட்டறிந்து, அழுகை மூட்டும் காது, தொண்டை ஆகியவற்றின் சோதனையை இறுதிக்கு ஒதுக்குவர்.

தளர்நடைப் பருவம், ஏறத்தாழ ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையிலானது. தாயைப் பிரிதலே இப்பருவத்தில் பெருந்துன்பம். இருபதாம் நூற்றாண்டின் இடைக்காலம் வரையில் இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளில் பெற்றோர் வருகைக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்தது. தாய் வந்து சென்றால் குழந்தை அழுகின்றது. வாராதிருந்தால் சில நாளில் அமைதியாகிவிடுகின்றது. ஆகவே வாராதிருத்தலே நன்று என்று அங்குள்ளோர் கருதினர். இலண்டனில் பணியாற்றிய சேம்சு இராபர்ட்சன் என்பார் இவ்வமைதியின் உட்பொருளை ஆராய்ந்தார். 1952-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட திரைப்படம் ஒன்று, சிறு அறுவை மருத்துவத்திற்காக எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இலாரா என்னும் குழந்தையைப் பற்றியது. அவளுக்கு வயது இரண்டாண்டு ஐந்து திங்கள். அவள் பெரிதும் அழுது அரற்றவில்லை. தன் பொம்மையை அணைத்துக்கொண்டு, தாயைக் கேட்டு, வரும் அழுகையை அடக்கிக்கொண்டு கிடந்தாள். நாள் செல்லச் செல்ல அவள் முகத்தில் மலர்ச்சி குன்றிற்று. வீடு திரும்பும் நாளில் தாயின் கையைப் பற்றிக்கொள்ளவும் மறுத்தாள்.

தாயைப் பிரிந்த குழந்தை முதலில் அழுது எதிர்க்கும். பின்னர் நம்பிக்கை இழந்து சோரும். இறுதியில் பற்றையே அறுத்துக்கொண்டு அமைதியாகத் தோன்றும். இம்மூன்று நிலைகளையும் இராபர்ட்சன் எடுத்துக்காட்டினார். அடங்கிய குழந்தை ஆறிய குழந்தை அன்று என்பது அப்பொழுதுதான் பலர்க்கும் விளங்கிற்று. 1959-ஆம் ஆண்டில் பிளாட்டு என்னும் அறுவை மருத்துவர் தலைமையில் அமைந்த குழு, பெற்றோர் வருகைக்குத் தடை கூடாது என்றும், சிறு குழந்தையோடு தாயும் மருத்துவமனையில் தங்க இடந்தருதல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இன்று எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை முதலிய இடங்களில், கட்டிலருகே தாயர் அமர்ந்திருக்கும் காட்சி எவர்க்கும் இயல்பாகத் தோன்றும். அவ்வியல்பான காட்சியே ஒரு மருந்து என்பதை உலகம் உணர இத்துணைக் காலம் வேண்டியிருந்தது.

மூன்று முதல் ஆறாண்டு வரையிலான பருவம் கற்பனை வளம் மிக்கது. பொம்மைக்கும் நிலவுக்கும் உயிர் உண்டு என்று நம்பும் உள்ளம், தன் நோய்க்கும் தானே ஒரு காரணம் கற்பித்துக்கொள்ளும். 'தம்பியை அடித்தேன், அதனால்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது' என்று குழந்தை எண்ணும். மருத்துவத்தைத் தண்டனை என்று அஞ்சும். 'சொன்னபடி கேளாவிட்டால் ஊசி போடச் சொல்வேன்' என்று வீட்டில் உள்ளோர் அச்சுறுத்துவது இவ்வச்சத்திற்கு எரு இடுவதாகும். 'நீ செய்த பிழை எதனாலும் இது வரவில்லை' என்று பலமுறை எடுத்துரைத்தல் செவிலியின் கடமை. சொற்களை ஆளுவதிலும் விழிப்பு வேண்டும். 'மயக்கமருந்து கொடுத்துத் தூங்கவைப்போம்' என்று மட்டும் சொன்னால், இரவில் உறங்கவும் அஞ்சும் குழந்தை உண்டு. 'வலி தெரியாதிருக்க ஒரு மருந்து தருவோம். வேலை முடிந்ததும் விழித்துக்கொள்வாய். அம்மாவைக் காண்பாய்' என்று முழுமையாகச் சொல்லுதல் நலம். ஊசி இட்ட சிறு துளை வழியே குருதி முழுதும் வடிந்துவிடும் என்று அஞ்சும் குழந்தைக்கு, அத்துளையின்மேல் ஒட்டும் சிறு கட்டே பேராறுதல். பெரியவர்க்கு வேண்டாத கட்டு இக்குழந்தைக்கு இன்றியமையாததாகும்.

வலியின் அளவைச் சொல்லத் தெரியாமை இப்பருவத்தின் மற்றோர் இடர்ப்பாடு. அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில் டோனா வாங்கு என்னும் செவிலியும் கோனி பேக்கர் என்பாரும் 1980-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டனர். குழந்தைகளையே முகங்கள் வரையச் செய்து, அவற்றைக்கொண்டு ஆறு முகங்கள் அடங்கிய வரிசை ஒன்றை அமைத்தனர். ஒரு முனையில் சிரிக்கும் முகம். மறுமுனையில் கண்ணீர் வடிக்கும் முகம். தன் வலிக்கு ஒத்த முகத்தைக் குழந்தை தொட்டுக்காட்டினால் போதும். சொல் எட்டாத இடத்தில் விரல் எட்டுகின்றது.

பள்ளிப்பருவத்துச் சிறுவர் காரணம் வினவுவர். 'ஏன் இந்த மருந்து? உள்ளே சென்று என்ன செய்யும்?' என்று கேட்பவர்க்கு, 'பேசாமல் விழுங்கு' என்பது விடையாகாது. எலும்பின் படத்தைக் காட்டி, முறிந்த இடம் எவ்வாறு கூடுகின்றது என விளக்கினால், மாவுக்கட்டோடு ஆறு வாரம் இருக்கவும் மனம் ஒருப்படுவர். தம் கையால் ஒன்றைச் செய்து முடித்தலில் இவர்க்குப் பெருமிதம் உண்டு. மருந்துண்ட நேரத்தைக் குறிக்கச் செய்தலும், விட்டுப்போன பாடங்களைப் படிக்க உதவுதலும் இவர்களுக்கு மருந்தோடு ஒத்த பயன் தரும். நோயினும், வகுப்பில் பின்தங்கிவிடுவோம் என்னும் கவலையே சிலரை மிகுதியாக வாட்டும்.

பத்து முதல் பத்தொன்பது ஆண்டு வரையிலான வளரிளம் பருவத்தினர் குழந்தையும் அல்லர், முதிர்ந்தோரும் அல்லர். தம் உடலில் தோன்றும் மாற்றங்களைப் பற்றிய நாணமும், தோழர் என்ன நினைப்பரோ என்னும் எண்ணமும் இவர்பால் மிகுதி. திரையிட்டு மறைத்துச் சோதித்தலும், பிறர் கேளாதவாறு பேசுதலும், முடிவெடுக்கும்பொழுது இவர் கருத்தையும் கேட்டலும் இப்பருவத்திற்கு உரிய பணிவிடை ஆகும். இளமையிலேயே தோன்றும் நீரிழிவு நோயை எடுத்துக்கொள்வோம். நான்காண்டுக் குழந்தைக்குத் தாய் இன்சுலின் ஊசி இடுவாள்; பத்தாண்டுச் சிறுவன் மேற்பார்வையோடு தானே இடப் பழகுவான்; பதினாறாண்டு இளைஞனோ, தோழரோடு விருந்துண்ணச் செல்லும்பொழுது பிறரறிய ஊசியிட நாணி அதனைத் தவிர்த்தலும் கூடும். நோயும் ஒன்றே, மருந்தும் ஒன்றே. செவிலி கற்பிக்கவேண்டிய பாடம் மட்டும் மூவர்க்கும் மூன்றாகின்றது. முதலாமவர்க்குத் தாயைப் பழக்குதல். இரண்டாமவர்க்குக் கையைப் பழக்குதல். மூன்றாமவர்க்கு மனத்தைத் தேற்றுதல்.

இனி, பருவம் என்பது ஆண்டுக்கணக்கு மட்டும் அன்று என்பதையும் கருதல் வேண்டும். ஒரே நாளில் பிறந்த இருவர் ஒரே நாளில் நடப்பதில்லை. வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு அதன் ஆண்டை நோக்காது, அது எய்தியுள்ள நிலையை நோக்கியே பணி செய்தல் வேண்டும். மேலும், நோயுற்ற குழந்தை தான் கடந்துவந்த பருவத்திற்குச் சிறிது பின்செல்லுதல் இயல்பு. தானே உண்ணக் கற்ற குழந்தை ஊட்டச் சொல்லும். படுக்கையை நனைக்கும் பழக்கத்தை விட்ட குழந்தை மீண்டும் நனைக்கும். இதனைக் குற்றமாகக் கொண்டு வைதல் கூடாது. உடல் தேறத் தேற இழந்த பழக்கங்களும் பெரும்பாலும் மீண்டுவிடும்.

தாயின் மார்பில் குழவியைச் சேர்த்துக் கட்டியதும், பச்சிளங்குழவிக்கும் வலி உண்டு என்று தெளிந்ததும், மருத்துவமனைக் கதவு தாய்க்குத் திறந்ததும் எவ்வாறு நிகழ்ந்தன? குழந்தையைப் பெரியவரின் அளவுகோலால் அளவாது, அதன் பருவத்தில் வைத்து நோக்கியோர் இருந்தமையால் நிகழ்ந்தன. இவ்வறிவு செவிலியர்க்கு மட்டும் உரியதன்று. வீட்டில் தங்கையோ தம்பியோ காய்ச்சலோடு கிடக்கும்பொழுது அருகிருக்கும் ஒவ்வொருவர்க்கும் உரியதாகும். அழுகின்ற குழந்தையைக் கண்டு, 'இஃது ஏன் அடங்கவில்லை?' என்று வினவாது, 'இப்பருவத்தில் இதற்கு வேண்டுவது யாது?' என்று வினவுபவரே பேணத் தெரிந்தவர். மருந்து நோயைத் தீர்க்கும். பருவம் அறிந்த பணிவிடையோ குழந்தையையே காக்கும்.